செவிய்யாவில் இரண்டு நாள்: அவசரமின்றிச் சாப்பிடவும் சுற்றிப்பார்க்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

தெற்கு ஸ்பெயினில் உள்ள செவிய்யா நகரத்திற்கு நான் முதன்முறை சென்றிருந்தபோது, மாலை ஐந்தரை மணிக்கு நல்ல பசியோடு ஓர் உணவகத்தின் வாசலில் போய் நின்றேன். கதவு திறந்திருந்தது, உள்ளே ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்தாகிவிட்டது, எட்டரைக்கு வாருங்கள் என்று அவர் அன்பாகவே சொன்னார். அடுத்த மூன்று கடைகளிலும் அதே பதில்தான். கடைசியில் ஒரு பெட்டிக்கடையில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்றை வாங்கி, ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்து தின்றபடி, காலையிலிருந்து ஐந்து இடங்களை ஓடி ஓடிப் பார்த்ததில் மதியச் சாப்பாட்டைக் கோட்டைவிட்ட என் புத்தியை நானே நொந்துகொண்டேன். அதற்குப் பிறகு சென்றபோதெல்லாம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம், இரண்டு நிதானமான சாப்பாடு, நடுவில் ஒரு தூக்கம் என்ற கணக்கை நான் மீறியதில்லை. கீழே உள்ள திட்டம் முழுவதும் அந்தக் கணக்கின்மீது கட்டப்பட்டது.

முதல் படி: ஊரின் நேரத்தைப் புரிந்துகொள்ளுதல்

ஸ்பெயின்காரர்கள் நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுவது முழு உண்மை அன்று. செவிய்யா கிரீன்விச்சுக்கு மேற்கே ஏறத்தாழ 6 டிகிரியில் இருக்கிறது; நியாயப்படி அதன் கடிகாரம் லண்டனுக்குச் சற்றுப் பின்னால் ஓட வேண்டும். ஆனால் 1940-இல் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, ஜெர்மனியின் நேரத்தோடு இணைத்துவிட்டது. அது இன்றுவரை திரும்ப மாற்றப்படவில்லை. கோடைக்கால நேரத்திற்காக இன்னொரு மணி நேரம் கூட்டப்படும் மாதங்களில், செவிய்யாவில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பிற்பகல் 2.20-ஐ ஒட்டியிருக்கும். ஆகவே இரண்டரை மணிக்குச் சாப்பிட உட்காரும் செவிய்யாக்காரர், வெயிலின் கணக்குப்படி நம் ஊரில் பன்னிரண்டு மணிக்கு இலை போடுகிறவரைப் போலத்தான் சாப்பிடுகிறார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. காலை உணவு எட்டரை முதல் பதினொன்று வரை. மதிய உணவு இரண்டு முதல் நான்கு வரை. நான்கு முதல் எட்டு வரை பெரும்பாலான சமையலறைகள் மூடியிருக்கும். இரவு உணவு எட்டரைக்கு மேல் தொடங்கிப் பதினொன்று வரை நீளும். நடுவில் பசித்தால் காப்பிக்கடைகளும் இனிப்புக்கடைகளும் உண்டு. நாள் முழுவதும் சுடச்சுடச் சாப்பாடு கிடைக்கும் என்று பலமொழிப் பலகையும் உணவுப் படங்களும் மாட்டியிருக்கும் இடங்கள் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நடத்தப்படுபவை. அவற்றில் மோசம் போகாமல் இருக்க வேண்டுமானால் ஊரின் நேரத்திற்கு நம் வயிற்றைப் பழக்கிக்கொள்வதே வழி.

இரண்டாம் படி: மாதம், பயணம், தங்குமிடம்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை அறவே தவிர்த்துவிடுங்கள். வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே செய்தியே இல்லை. அக்கினி நட்சத்திரத்தையே பார்த்தவர்கள் நாங்கள் என்று போகிறவர்களையும், கல் பாவிய தெருக்களிலிருந்து எழும் அந்த வறண்ட அனல் சாய்த்துவிடும். மார்ச் முதல் மே வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் உகந்தவை. வசந்தத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தின் பவனிகளும், அதற்குச் சில வாரங்கள் கழித்து நடக்கும் ஏப்ரல் திருவிழாவும் காணக் கிடைக்காத காட்சிகள்தாம் என்றாலும், அந்த நாட்களில் அறை வாடகை பல மடங்கு ஏறிவிடும், தெருவைக் கடப்பதே ஒரு காரியமாகிவிடும்; ஓய்வாக இருந்துவர நினைப்பவருக்கு அவை ஏற்றவை அல்ல.

மார்ச்சில் சென்றால் ஆரஞ்சுப் பூவின் மணம் ஊரையே மூடியிருக்கும். தெருவோர மரங்களில் பழங்களும் காய்த்துத் தொங்கும். ஆசைப்பட்டுப் பறித்துச் சுளையை வாயில் போட்டுவிடாதீர்கள். அவை மர்மலேடுக்கு ஆகும் கசப்பு ஆரஞ்சுகள். நம் நாரத்தங்காயின் குணம்தான். ஸ்பானிய மொழியில் இந்தப் பழத்திற்கு ‘நராங்ஹா’ என்று பெயர். அரபு, பாரசீகம், சமற்கிருதம் என்று அந்தச் சொல்லின் தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துச் செல்லும் மொழியறிஞர்கள், அது ‘நாரத்தை’ போன்ற ஒரு திராவிடச் சொல்லில் முடியக்கூடும் என்று கருதுகிறார்கள். செவிய்யாவின் மரத்தடியில் நின்று இதை நினைத்துப் பார்ப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

லண்டன், பாரிஸ் போன்ற ஐரோப்பிய நகரங்களிலிருந்து நேரடி விமானங்கள் உள்ளன. மட்ரிட் வழியாக வருபவர்கள் அதிவேக ரயிலில் ஏறினால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம். 1992-இல் இங்கே நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டித் திறக்கப்பட்ட இந்தத் தடமே ஸ்பெயினின் முதல் அதிவேக ரயில் பாதை. பிரிட்டனில் வசித்தாலும் இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை என்பதை மறந்துவிடாதீர்கள். பிரான்ஸ், ஜெர்மனி போன்ற ஷெங்கன் நாடுகளின் வதிவிட அட்டை உள்ளவர்களுக்கு இந்தக் குறுகிய பயணத்திற்கு அது தேவையில்லை. விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து நகருக்குள் ஒரு பேருந்து ஓடுகிறது. டாக்சிக்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் என்பதால் பேரம் பேச வேண்டியதில்லை.

தங்குவதற்குப் பலரும் பேராலயத்தை ஒட்டிய சாந்தா குரூஸ் பகுதியைத் தேர்ந்தெடுப்பார்கள். பழைய யூதர் குடியிருப்பான அது அழகிய இடம்தான். ஆனால் இரு கைகளை விரித்தால் சுவர் தட்டும் சந்துகளில் டாக்சி நுழையாது, கூழாங்கல் பாதையில் பெட்டியின் சக்கரம் எழுப்பும் ஓசை தெருவையே எழுப்பும். அங்கிருந்து பத்து நிமிட நடையில் உள்ள அல்ஃபால்ஃபா, சாந்தா கத்தலீனா பகுதிகளை நான் பரிந்துரைப்பேன். உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடைகள் அங்கேதான் அதிகம்.

மூன்றாம் படி: இரண்டே இரண்டு நுழைவுச்சீட்டுகள்

முன்கூட்டியே வாங்க வேண்டியவை பேராலயத்திற்கும் அல்காசர் அரண்மனைக்கும் உரிய சீட்டுகள் மட்டுமே. இரண்டையும் அவற்றின் அதிகாரபூர்வ இணையதளங்களிலேயே வாங்குங்கள். இடைத்தரகர்கள் கூடுதல் தொகை பிடிப்பார்கள். ஞாயிறு காலையில் பேராலயத்தில் திருப்பலி நடப்பதால் பார்வையாளர்களைப் பிற்பகலில்தான் விடுவார்கள். எனவே பேராலயத்தைச் சனிக்கிழமைக்கும் அல்காசரை ஞாயிறு காலை முதல் வேளைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அல்காசர் சீட்டில் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும்.

நான்காம் படி: தபாஸ் சாப்பிடும் முறையைக் கற்றல்

இதை ஊருக்குள் இறங்கும் முன்பே தெரிந்துகொண்டால் முதல் இரவே வீணாகாது. தபாஸ் என்பது ஒரு பதார்த்தத்தின் பெயர் அன்று, ஓர் அளவின் பெயர். உணவுப் பட்டியலில் ஒரே பதார்த்தத்திற்கு மூன்று விலை இருக்கும்: தபா என்பது சிறு தட்டு, ஒருவருக்கு நாலைந்து வாய், மேதியா ரசியோன் என்பது அரைத்தட்டு, ரசியோன் என்பது நாலு பேர் பகிரும் முழுத்தட்டு. தபாவின் விலை சாதாரணக் கடைகளில் பெரும்பாலும் 3 முதல் 5 யூரோவுக்குள் இருக்கும். சில கடைகளில் தபா அளவு நிற்பவர்களுக்கு மட்டுமே. மேசையில் உட்கார்ந்தால் அரைத்தட்டுதான் கிடைக்கும். கிரனாதா நகரத்தில் பானம் வாங்கினால் தபா இலவசமாக வரும் என்று கேள்விப்பட்டவர்கள் இங்கே அதை எதிர்பார்க்க வேண்டாம். மேசைக்கு வரும் ரொட்டிக்கும், ‘பிகோஸ்’ எனப்படும் விரல்நுனி அளவிலான மொறுமொறுப்பான ரொட்டிக் குச்சிகளுக்கும் தனியாகக் கணக்கு எழுதுவார்கள்.

ஒரே நேரத்தில் ஆறேழு தட்டுகளைச் சொல்லிவிடுவது வெளியூர்க்காரர்கள் செய்யும் முதல் தவறு. எல்லாம் ஒன்றாக வந்து ஆறிப்போகும். இரண்டாவது கடைக்கு வயிற்றில் இடம் இருக்காது. ஒரு கடையில் இருவருக்கு இரண்டு தட்டு, அந்தக் கடை எதற்குப் பேர்போனதோ அது. முடிந்ததும் அடுத்த தெரு, அடுத்த கடை. அப்படி மூன்று கடை ஏறி இறங்கினால் ஓர் இரவு உணவு ஆயிற்று.

இனி, எதைக் கேட்பது. முதலிடம் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த ‘எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்’ என்னும் பதார்த்தத்திற்கு. ரொட்டித் துண்டுகளையும் பூண்டையும் ஆலிவ் எண்ணெயில் பொரித்து, சீரகத்தோடு இடித்து, சற்றே வினிகரும் மிளகாய்ப்பொடியும் கலந்த விழுதைக் கீரையிலும் வெந்த கடலையிலும் சேர்த்துக் கிளறி இறக்குவார்கள். சின்ன மண்சட்டியில், மேலே ஒரு துண்டு பொரித்த ரொட்டியைச் செருகி, எண்ணெய் ஓரத்தில் பளபளக்க அது வந்து நிற்கும்போது முதலில் எட்டுவது சீரகத்தின் வாசனைதான். ஸ்பெயினுக்கு வந்து நான்கு நாளில் நாக்கு செத்துப்போய்விட்டது என்று புலம்பிக்கொண்டிருந்த என் அத்தை, இதை ஒரு வாய் சாப்பிட்டதும் இன்னொரு தட்டு சொல்லச் சொன்னார். கடைசியில் கொஞ்சம் சோறு இருந்தால் நன்றாயிருக்கும் என்றும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்து, தக்காளியையும் ரொட்டியையும் பூண்டையும் ஆலிவ் எண்ணெயோடு அரைத்துக் குளிரவைத்த ‘சல்மோரேஹோ’. பக்கத்து நகரான கோர்தோபாவைச் சேர்ந்த இது, குளிர்ந்த தக்காளிச் சாறான கஸ்பாச்சோவைவிடக் கெட்டியானது. கரண்டியால் எடுத்து உண்ண வேண்டியது. மீன் விரும்பிகள் ‘கசோன் என் அதோபோ’ கேட்க வேண்டும்: சிறிய சுறா வகை ஒன்றின் துண்டுகளை வினிகர், பூண்டு, சீரகம், ஒரெகானோ கலவையில் ஊறவைத்து, மாவில் புரட்டிப் பொரித்தது. கூனி இறாலைக் கடலை மாவும் கோதுமை மாவும் கரைத்த நீர்த்த கலவையில் போட்டு, எண்ணெயில் மெல்லிய வலைபோல ஊற்றிப் பொரிக்கும் ‘தோர்த்திய்யித்தாஸ் தே கமரோனேஸ்’ காதிஸ் கடற்கரையிலிருந்து வந்தது. வாயில் வைத்தால் நொறுங்க வேண்டும், வளைந்தால் அது பழையது. பன்றி இறைச்சி உண்பவர்களுக்கு, பூண்டும் எலுமிச்சையும் விஸ்கியும் சேர்ந்த சாற்றில் மிதக்கும் ‘சொலொமிய்யோ அல் விஸ்கி’ செவிய்யாவுக்கே உரிய தட்டு. பதப்படுத்திய பன்றித் தொடையான ஹமோனில் கறுப்புச் சீட்டு ஒட்டியது மிக உயர்ந்த வகை. தூய இபேரிகோ இனத்துப் பன்றியை ஓக் மரக் கொட்டைகள் உதிரும் காட்டில் மேயவிட்டு வளர்த்ததற்கான அடையாளம் அது. அதை ஒரு தபா அளவு வாங்கிச் சுவைத்தால் போதும்.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ‘கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால், ஹமோனும் சூரை மீனும் அதில் சேராது என்று எண்ணி அவற்றைத் தூவிக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். சல்மோரேஹோவின்மேல் அவித்த முட்டையும் ஹமோன் துணுக்கும் வழக்கமாகவே தூவப்படும். ‘நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ’ என்று மூன்றையும் பெயர் சொல்லி மறுத்துவிடுங்கள். பெஸ்காதோ என்பது மீன். கீரைக் கடலையும், கரும்புப் பாகு ஊற்றிய பொரித்த கத்தரிக்காயும், ஆலிவ் காய்களும், முட்டை உண்பவர்களுக்கு உருளைக்கிழங்கு சேர்த்த முட்டை அடையான தோர்த்திய்யாவும் வயிற்றை நிரப்பும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ‘தெர்னேரா’, ‘தோரோ’, ‘வாகா’, ‘புவேய்’ என்ற சொற்களைப் பட்டியலில் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

குடிப்பவற்றில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘மன்சனிய்யா’ என்ற ஒரே சொல்லுக்கு அங்கே மூன்று பொருள்: குவாதல்கிவிர் ஆறு கடலில் சேரும் சான்லூக்கரில் பக்குவமாகும் வறண்ட வெள்ளை ஒயின், சிறிய பச்சை ஆலிவ் வகை, சாமந்தி இனத்துப் பூவில் போட்ட தேநீர். இரவு பத்து மணிக்கு மதுக்கடையில் கேட்டால் ஒயின் வரும். காலையில் காப்பிக்கடையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டால் தேநீர் வரும். மது தொடாதவர்கள் குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் கேட்கலாம். 2022-இல் வந்த சட்டப்படி உணவகங்கள் அதை இலவசமாகத் தர வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை

அறையில் பெட்டியை வைத்துவிட்டு எட்டரை மணிக்குச் சாந்தா கத்தலீனா தேவாலயத்தின் அருகில் உள்ள எல் ரின்கொன்சிய்யோவுக்கு நடந்துவிடுங்கள். 1670-இல் தொடங்கிய மதுக்கடை இது. பயணிகளும் வருகிறார்கள், விலையும் சற்றுக் கூடுதல். இருந்தும் முதல் இரவுக்கு இதையே சொல்வேன், காரணம் அந்த மரப்பலகை. நீங்கள் நின்று சாப்பிடும் பலகையின்மேலேயே, நீங்கள் கேட்ட ஒவ்வொன்றின் விலையையும் பரிமாறுபவர் சுண்ணக்கட்டியால் எழுதிக்கொண்டே போவார். கடைசியில் ‘லா குவெந்தா’ என்று கணக்குக் கேட்டால், குனிந்து ஒரு நொடியில் கூட்டித் தொகையைச் சொல்லி, பணத்தை வாங்கியதும் ஈரத்துணியால் ஒரே இழுப்பில் அழித்துவிடுவார். பக்கத்து ஆளின் முழங்கை உங்கள் கணக்கில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விளையாட்டாகச் சொல்லலாம், ஆனால் அவர்களுக்கு எல்லாம் மனப்பாடமாகவே இருக்கிறது.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில், 2011-இல் திறக்கப்பட்ட மாபெரும் மரக்கூரை நிற்கிறது. ஜெர்மன் கட்டடக்கலைஞர் யூர்கன் மாயர் அதற்கு இட்ட பெயர் வேறு. ஊர் மக்கள் பார்த்த மாத்திரத்தில் ‘லாஸ் செத்தாஸ்’, அதாவது காளான்கள் என்று அழைக்கத் தொடங்கி, இப்போது அதுவே நிலைத்துவிட்டது. அதன் அடியில் தோண்டியபோது கிடைத்த ரோமானிய வீடுகளின் எச்சங்கள் தரைக்குக் கீழே காட்சிக்கு உள்ளன. வெள்ளி இரவில் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் தூங்கப் போவதே நல்லது.

சனிக்கிழமை

காலை உணவுக்கு விடுதியில் பணம் கட்டாதீர்கள். தெருமுனைக் கடையில் ‘தோஸ்தாதா’ கேளுங்கள்: வாட்டிய ரொட்டி, அதன்மேல் நீங்களே ஊற்றிக்கொள்ளும் ஆலிவ் எண்ணெய், அரைத்த தக்காளி, ஒரு சிட்டிகை உப்பு. எண்ணெயை முதலில் ரொட்டி குடிக்கும்படி ஊற்றிவிட்டுப் பிறகே தக்காளியைப் பரப்ப வேண்டும் என்று எனக்கு ஒரு கடைக்காரர் சொல்லிக்கொடுத்தார். மாற்றிச் செய்தால் ரொட்டி நைந்துவிடுகிறது.

பேராலயத்திற்குப் போகும் வழியில் சான் லெயாந்திரோ கன்னிமடத்தில் சற்று நில்லுங்கள். அங்கே மடத்துச் சகோதரிகள் வெளியாருக்கு முகம் காட்டுவதில்லை. சுவரில் பதித்த, சுழலும் மர உருளை ஒன்று இருக்கும். மணியை அடித்து, வேண்டியதைச் சொல்லி, பணத்தை வைத்தால், உருளை சுழன்று இனிப்புப் பெட்டி உங்கள் பக்கம் வந்து நிற்கும். ‘யேமாஸ்’ எனப்படும் அந்த உருண்டைகள் முட்டையின் மஞ்சள் கருவும் சர்க்கரையும் சேர்ந்தவை. ஒயினைத் தெளியவைக்க வெள்ளைக் கருவைப் பயன்படுத்திய வணிகர்கள், மிஞ்சிய மஞ்சள் கருவை மடங்களுக்குக் கொடுத்ததால் இந்த இனிப்புகள் பிறந்தன என்று சொல்வார்கள். ஒன்றுக்கு மேல் ஒரே வேளையில் தின்ன முடியாது.

பேராலயத்தின் வரலாறு சுருக்கமாக: பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கே வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் அரச மரபினரான அல்மொஹாத் ஆட்சியாளர்கள் கட்டிய பெரும் பள்ளிவாசல் இருந்தது, 1248-இல் நகரம் கிறித்தவ அரசனிடம் வீழ்ந்தபின் அது தேவாலயமாக மாற்றப்பட்டது, 1401-இல் முடிவெடுத்து, பள்ளிவாசலை இடித்து, நூறாண்டுக்கு மேல் உழைத்து, உலகின் மிகப் பெரிய கோதிக் தேவாலயங்களில் ஒன்றை எழுப்பினார்கள். பள்ளிவாசலில் தப்பியவை இரண்டு: ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றமும், ஹிரால்டா என்னும் கோபுரமும். ஹிரால்டாவுக்குள் உச்சியை ஒட்டிய சிலவற்றைத் தவிரப் படிகள் இல்லை. தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே ஏறிச்செல்லும்படி சாய்தளங்களாகக் கட்டியிருக்கிறார்கள் என்பது ஊரார் சொல்வது. 30-க்கும் மேற்பட்ட அந்தத் தளங்களுக்கு எண் இட்டிருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்களும் மெதுவாக ஏறிவிடலாம். உச்சியில் மணிக்கூண்டு பதினாறாம் நூற்றாண்டில் சேர்த்தது. செங்கல்லின் நிறம் மாறும் இடத்தில் இரு மதங்களின் கட்டடங்களும் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருப்பதைக் கீழிருந்தே காணலாம்.

உள்ளே நான்கு அரசவைத் தூதர்களின் சிலைகள் தோளில் சுமக்கும் கொலம்பஸின் கல்லறைப் பெட்டியைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும். கியூபாவை ஸ்பெயின் இழந்தபோது ஹவானாவிலிருந்து கொண்டுவரப்பட்டது அது. அவருடைய எலும்புகள் தங்களிடமே இருப்பதாக டொமினிக்கன் குடியரசும் உரிமை கொண்டாடுகிறது. கூட்டம் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன்: ஆரஞ்சு முற்றத்தின் ஒரு மூலையில் மேற்கூரையிலிருந்து ஒரு மர முதலை தொங்குகிறது. எகிப்திய சுல்தான் அரசனுக்குப் பரிசாக அனுப்பிய முதலை ஒன்றின் நினைவாக வைத்தது என்பார்கள்.

ஒரு மணியளவில் வெளியே வந்து ஆற்றங்கரைக்கு இறங்குங்கள். குவாதல்கிவிர் என்ற பெயர் ‘பெரிய ஆறு’ என்று பொருள்படும் அரபுச் சொற்களின் திரிபு. 1503 முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அமெரிக்கக் கண்டத்துடனான ஸ்பெயினின் வணிகம் முழுவதும் இந்த நகரத்தின் வழியாகவே நடந்தாக வேண்டும் என்பது சட்டம். சல்மோரேஹோவின் தக்காளியும், கீரைக் கடலையின் மிளகாய்ப்பொடியும் அப்படி வந்தவற்றின் வழித்தோன்றல்கள். நம் சமையலறைக்கு மிளகாய் போர்ச்சுக்கீசியர் கைவழியாக வேறு பாதையில் வந்தது. 1519-இல் மெகல்லன் ஐந்து கப்பல்களோடு இங்கிருந்துதான் கிளம்பினார். 1522 செப்டம்பரில் உலகைச் சுற்றி முடித்துத் திரும்பியது விக்தோரியா என்ற ஒரே கப்பல், அதில் 18 பேர், கிடங்கு நிறையக் கிராம்பு. கரையேறிய மாலுமிகள் வெறுங்காலோடு மெழுகுவர்த்தி ஏந்திக் கோயில்களுக்கு நடந்தார்கள். நீங்கள் காலையில் நின்ற பேராலயமும் அவற்றில் ஒன்று.

1852-இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலத்தைக் கடந்தால் திரியானா. குயவர்களும் மாலுமிகளும், பிளமெங்கோ என்னும் தெற்கு ஸ்பெயினின் ஆட்டபாட்டக் கலையின் பாடகர்களும் வாழ்ந்த அக்கரை இது. இங்குள்ள முதியவர்கள் பாலத்தைக் கடப்பதை ‘செவிய்யாவுக்குப் போய்வருகிறேன்’ என்று சொல்வதுண்டு. பாலத்தின் முனையிலேயே சந்தை. அதன் அடியில் இருப்பவை மதவிசாரணை மன்றம் இயங்கிய சான் ஹோர்ஹே கோட்டையின் இடிபாடுகள். மேலே ஆலிவ் வண்டிகளும் மீன் பலகைகளும் சிறு சாப்பாட்டுக் கடைகளும். ஞாயிற்றுக்கிழமை காய்கறி, மீன் கடைகள் அடைத்திருக்கும் என்பதால்தான் திரியானாவைச் சனிக்கிழமைக்கு வைத்தேன். இரண்டு மணிக்கு இங்கே பொரித்த மீனோடு மதிய உணவை முடித்து, அக்கம்பக்கத்து மட்பாண்டக் கடைகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு, அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். இரவு பதினொன்று வரை நிற்கப்போகும் கால்கள் இந்த இரண்டு மணி நேரத்தை நம்பித்தான் இருக்கின்றன.

ஏழு, ஏழரை மணிக்குத் தொடங்கும் ஒரு மணி நேர பிளமெங்கோ நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு சேர்த்து விற்கும் பெரிய அரங்குகளைவிட, காசா தே லா மெமோரியா போன்ற சிறிய இடங்கள் மேல். ஒலிபெருக்கி இல்லாமல் குதிகாலின் ஒலி பலகையிலிருந்து நேராக நெஞ்சுக்கு வரும். பாட்டின் நடுவே பேசக் கூடாது, அவர்கள் அனுமதிக்கும் கடைசிப் பகுதிவரை படம் எடுக்கவும் கூடாது.

பிறகு அரெனால் பகுதியில் மூன்று கடை ஏறி இறங்கும் சடங்கு. அவற்றில் ஒன்று 1850-இல் தொடங்கிய காசா மொராலெஸாக இருக்கட்டும். உள்ளறையில் ஆள் உயரத்தையும் தாண்டிய பழைய ஒயின் தாழிகள் சுவரோரமாக நிற்க, அவற்றின் காலடியில் உட்கார்ந்து சாப்பிடலாம். திரும்பும் வழியில் தெருவின் இரும்பு மூடிகளைக் கவனியுங்கள். நோ, நூல்கண்டு, தோ என்ற விடுகதைக் குறி அவற்றில் பொறித்திருக்கும். நூல்கண்டுக்கு ஸ்பானியத்தில் ‘மதேஹா’ என்று பெயர்; மூன்றையும் சேர்த்துப் படித்தால் ‘அவள் (இந்த நகரம்) என்னைக் கைவிடவில்லை’ என்ற பொருள் தரும் நகரச் சின்னம் அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தன் மகனே எதிர்த்துக் கிளம்பியபோது தன் பக்கம் நின்ற ஊருக்குப் பத்தாம் அல்போன்சோ அரசன் அளித்தது என்பது மரபு.

ஞாயிற்றுக்கிழமை

அல்காசரின் சிங்க வாயிலில் ஒன்பதேகாலுக்கு நில்லுங்கள். முதல் வேளையில் நுழைபவர்களுக்கே கன்னியர் முற்றத்தின் நீண்ட குளத்தில் வளைவுகளின் நிழல் கலையாமல் கிடைக்கும். நேராக அங்கே போய்விட்டு மற்றவற்றைப் பிறகு பாருங்கள். 1364-இல் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கியவன் கிறித்தவ அரசன் முதலாம் பேத்ரோ. செதுக்கியவர்களில் முஸ்லிம் கைவினைஞர்களும் உண்டு. முகப்பில் நீலமும் வெள்ளையுமாய் ஓடும் ஓட்டுப் பட்டையை அலங்காரம் என்றே எண்ணிக் கடந்துவிடுவோம். அது ‘இறைவனன்றி வெல்பவர் இல்லை’ என்ற கிரனாதா சுல்தான்களின் முழக்கம், அரபு எழுத்தில், திரும்பத் திரும்ப. தூதர் மண்டபத்தின் பொன்னிறக் குவிமாடத்தைக் கழுத்து வலிக்கும்வரை பார்த்துவிட்டு, எஞ்சிய நேரத்தைத் தோட்டத்திற்குக் கொடுங்கள். மயில்கள் உலவும், பெஞ்சுகள் ஏராளம். வெளியேறும் முற்றத்தின் வளைவுக்குள் ஹிரால்டா சரியாகச் சட்டமிட்டதுபோல் நிற்கும் இடத்தில் எல்லோரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள்.

அங்கிருந்து இருபது நிமிடம் நிழலில் நடந்தால் மரியா லுயிசா பூங்காவும் ஸ்பெயின் சதுக்கமும். 1929-இன் இபேரோ-அமெரிக்கக் கண்காட்சிக்காக அனிபால் கொன்சாலெஸ் வடிவமைத்த அரைவட்ட மாளிகை இது; மாகாணத்திற்கு ஒன்றாக 48 ஓட்டுச் சித்திர மாடங்கள் சுவரோரம் அமைந்திருக்கின்றன. ஸ்பானியக் குடும்பங்கள் தத்தம் மாகாண மாடத்தைத் தேடிப்பிடித்து உட்கார்ந்து படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பொழுதுபோக்கு. கால்வாயில் வாடகைப் படகும் உண்டு; துடுப்புப் போடத் தெரியாதவர்கள் பாலத்தில் முட்டிக்கொண்டே இருப்பார்கள்.

இரண்டு மணிக்கு மதிய உணவு. ஞாயிறு அன்று குடும்பங்கள் கூட்டமாக வருவதால், உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் முந்தைய நாளே மேசை சொல்லிவையுங்கள். சில நல்ல கடைகள் ஞாயிறு மாலை அடைத்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். விமானம் இரவு ஏழுக்கு மேல் இருப்பது உத்தமம். கைப்பையோடு மட்டும் பயணம் செய்பவர்கள் ஆலிவ் எண்ணெயும் கசப்பு ஆரஞ்சு மர்மலேடும் திரவப் பொருள்களாகக் கருதப்படும் என்பதை நினைவில் வைத்திருங்கள். இரண்டாம் பயணத்தில் ஒரு முழுக் குப்பி மர்மலேடைப் பாதுகாப்புச் சோதனையில் விட்டுவிட்டு வந்தவன் நான். யேமாஸ் பெட்டிக்கும் திரியானாவின் ஓடுகளுக்கும் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஓடுகளை இரண்டு சட்டைகளுக்கு நடுவில் வையுங்கள்.